தாண்டவர் தீட்டுக் காத்த கதை

புன்னைக்குடியில் விறகு பிளந்து பிழைத்தவர் தாண்டவர். பொழுது விடிந்ததும் கோடரியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் தேரடிக்குத்தான் போவார். புன்னைநாதர் தேரின் இடப்பக்கச் சக்கரத்தைத் துடைத்து, அதன் அடியில் ஓர் அகல் ஏற்றிய பிறகே விறகுக்கடைக்குப் போவார். தேரோட்டத்தன்று உருளும் அந்தச் சக்கரத்தின் முன்னால் புளியங்கட்டையைச் செருகித் தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் தொண்டு. முட்டுக்கட்டை போடுவது என்பார்கள். கொஞ்சம் பிசகினால் கை போகும், உயிரும் போகும். கண்ணைச் சக்கரத்தைவிட்டு எடுக்க முடியாது. ஊரே அண்ணாந்து கும்பிடும் சுவாமியைத் தேரில் அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அதை ஒரு குறையாக அவர் யாரிடமும் சொன்னதும் இல்லை.

வலப்பக்கச் சக்கரம் மருதையாவுடையது. இருவரும் இளவயதிலிருந்தே மேல வீதியில் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். சுற்றி வளைப்பானேன்? இருவரும் ஆண்கள், புருஷனும் பெண்சாதியும் ஒருவருக்கொருவர் எப்படி இருப்பார்களோ அப்படி இருந்தார்கள். ஒருவர் வராமல் மற்றவர் சோற்றில் கைவைக்க மாட்டார். தேருக்கு அடியில் முகம் பார்த்துக்கொள்ள முடியாது. "போட்டாச்சு மருதை!" என்று இங்கிருந்து குரல் போகும்; "போட்டாச்சுய்யா!" என்று அங்கிருந்து வரும். ஊர் வாய் சும்மா இருக்குமா? "ஜோடி போவுதுடோய்!" என்று டீக்கடையில் சிரிப்பார்கள். தாண்டவர் தலைகுனிந்து நடப்பார். "சாமியே நம்ம ரெண்டு பேரையும் சேத்து வேலைக்கு வச்சிருக்காரு. இவனுங்களுக்கு என்னய்யா?" என்பார் மருதையா.

அந்த மருதையா ஒரு வருஷம், தேருக்குக் கொடியேறும் சமயத்தில், காய்ச்சலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவருடைய அண்ணன் சிங்காரம் ஆட்களோடு வந்து உடலைத் தம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார். தாண்டவர் பின்னாலேயே ஓடினார். சொந்தக்காரர்கள் வரிசையாக வாய்க்கரிசி போடும்போது அவரும் ஒரு பிடி அரிசியோடு போய் நின்றார். சிங்காரம் கையைத் தட்டிவிட்டார்.

"நீ யாருடா வாய்க்கரிசி போட? உயிரோட இருந்தப்ப ஊரு சிரிச்சது போதாதா?"

தாண்டவர் கையில் மிஞ்சிய அரிசியை வேட்டி முனையில் முடிந்துகொண்டு வீடு திரும்பினார். மருதையாவின் தட்டில் அதைக் கொட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து அழுதார். துக்கம் கேட்க ஈ காக்கைகூட அந்த வாசலுக்கு வரவில்லை. என்ன ஊரோ!

தேருக்கு முதல் நாள் கோயில் காரியம் பார்க்கும் மணியம் அம்பலவாணர் வந்தார், வேலைக்குக் கூப்பிட.

"தாண்டவா, கட்டைக்கு எண்ணெய் போட்டாச்சா?"

"நான் வரப்படாதுங்க. கருமாதி இன்னும் ஆவல. தீட்டு."

"சொந்தக்காரனுக்குத்தான்டா தீட்டு. நீ பங்காளியா, மாமன் மச்சானா? அவனுக்கு நீ என்ன வேணும், சொல்லு பாப்போம்."

கூட வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"அதுக்கு இந்த ஊர்ல யாரும் பேரு வைக்கலீங்க. ஆனா எனக்குத் தீட்டு உண்டு."

"அப்ப இனிமே சக்கரத்துக்கு வேற ஆள் பாத்துக்கறோம். எந்த வருஷமும் நீ வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மணியம் போய்விட்டார்.

வாழ்நாளெல்லாம் பிடித்துக்கொண்டிருந்த தொண்டு ஒரு சொல்லில் போயிற்று. தீட்டு இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், சக்கரம் அவருக்கே இருந்திருக்கும். தாண்டவர் கோயில் இருந்த திசையைப் பார்த்து விழுந்து கும்பிட்டார். "சாமி, ஒன்ன விட்டுட்டேன்னு நெனச்சுக்காத. அவன் எனக்கு யாருமில்லன்னு பொய் சொல்லிட்டு ஒன் சக்கரத்தத் தொட எனக்குக் கை வரல" என்று விம்மினார்.

மறுநாள் புது ஆட்கள் கட்டை போட, தேர் மேல வீதிக்குள் வந்தது. துக்க வீட்டுக்கு முன்னால் தேரை நிறுத்துகிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. அன்று தாண்டவர் வீட்டு வாசலில் வந்ததும் தேர் நின்றது. வடம் விறைத்ததே தவிரச் சக்கரம் அசையவில்லை. நெம்பிப் பார்த்தார்கள், கத்திப் பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மணியமே கதவைத் தட்டினார். "தாண்டவா, வந்து ஒரு கை வையேன்டா!"

தாண்டவர் கதவைத் திறந்தார். நிமிர்ந்து பார்த்தார். கண் வைக்கச் சக்கரம் இல்லை, கையில் கட்டை இல்லை, குனிய வேண்டிய வேலை எதுவும் இல்லை. தேர்மேல் சுவாமி அவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாண்டவருக்குக் கண்ணை நீர் மறைத்தது. நிலைவாசலைப் பிடித்துக்கொண்டு, "வரப்படாதுங்க. தீட்டு" என்றார் மறுபடியும்.

அப்போது வடம் பிடித்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் பிரிந்து வந்தார். மருதையாவின் தங்கை அஞ்சலை. உள்ளே மருதையாவின் தட்டில் அந்த வாய்க்கரிசியைப் பார்த்தார். "எங்கண்ணன் வாழ்ந்த வீடு இது. துக்கம் கேக்க நான் வந்திருக்கணும், வரல. சாமி வந்துட்டாரே!" என்று தாண்டவரைக் கட்டிக்கொண்டு கதறினார். மேளம் நின்றது. ஆண்களும் பெண்களும் வடத்தைக் கீழே போட்டுவிட்டு அந்த வாசலில் வந்து பேசாமல் உட்கார்ந்தார்கள். சிங்காரம் மட்டும் தெருக்கோடியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார்.

மணியமும் அவர்களோடு உட்கார்ந்தார். பிறகு, "உனக்குத் தீட்டுதான் தாண்டவா. கழிச்சிட்டு வா. சக்கரம் உனக்குத்தான்" என்றார்.

அதன்பின் வடத்தைத் தொட்டார்களோ இல்லையோ, தேர் நகர்ந்தது. யாரும் அரகரா என்று குரல் எழுப்பவில்லை. துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் சொல்லிக்கொண்டு போவதில்லை அல்லவா? சுவாமியும் அப்படியே போனார்.

அடுத்த வருஷம் தாண்டவர் மீண்டும் தேருக்கு அடியில் குனிந்தார். "போட்டாச்சு மருதை!" என்று பழக்கத்தில் குரல் கொடுத்துவிட்டார். பதில் வரவில்லை. சக்கரம் கண்ணுக்கு மங்கலாகத் தெரிந்தது. ஆனாலும் கட்டை ஓர் இம்மி பிசகவில்லை. துக்கம் கேட்கச் சுவாமியே வந்து நின்ற அந்த வாசலை, அவ்வழியே போகும்போது நாமும் ஒருமுறை தொட்டுக் கும்பிடுவோம்.