அமைச்சர் திறந்த குழாய்

தேர்தல் வந்தால் ஓடைக்கரைப்பட்டிக்கு அமைச்சரே வருவார். வந்தார். "வீதிக்கு வீதி குழாய் போட்டோம், மறுபடியும் எங்களுக்கே ஓட்டு" என்றார். தெருக்கூட்டும் பேச்சியம்மாளை மேடையேற்றிய ஒன்றியச் செயலாளர், "ஆமான்னு சொல்லு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே" என்று காதைக் கடித்தார்.

பேச்சியம்மாள் மைக்கைப் பிடித்தாள். "ஆமா சாமி, போட்டாக. திறப்பு விழா நடக்காம தொடக்கூடாதுன்னாக, மூணு வருசமா யாரும் தொடலை. நீங்களே திறந்து வையுங்க."

அமைச்சர் பூரித்துப்போய் மேடையோரக் குழாயைத் திருகினார். அது மண்ணோடு பிடுங்கிக்கொண்டு கையில் வந்தது. அடியில் பைப்பே இல்லை. குழியிலிருந்து எறும்புகள்தான் சாரைசாரையாக வந்தன.

பேச்சியம்மாள் மைக்கை விடாமல் செயலாளரைப் பார்த்தாள். "நீங்க சொன்னபடி ஆமான்னு சொல்லிட்டேன் அண்ணே. நாளைக்கு வேலைக்கு வரலாமா?"