பரஞ்சோதிக்குக் கிடைத்த வேஷம்

நடிகர் பரஞ்சோதி வடபழனியில் மூன்றாவது மாடிக்குப் படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. பாதி படிக்கட்டால், பாதி கோபத்தால்.

மேலே எஸ்தர் டீச்சரின் நடிப்புப் பயிற்சிக் கூடம். டீச்சர் வயதில் அவருக்குத் தங்கை மாதிரி. ஆனாலும், தொண்டை கிழியக் கத்துவதுதான் நடிப்பு என்று நம்பிக்கொண்டிருந்த மனிதரை மெதுவாகப் பேசவைத்து, விருது வாங்கவைத்தவர் அவர்தான். அன்றிலிருந்து பரஞ்சோதி, டீச்சர் சொல்லாமல் அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை.

“உட்காருங்க சார். என்ன, முகம் இப்படிக் கடுகடுன்னு இருக்கு?”

“புதுப் படத்துல எனக்கு என்ன வேஷம் தெரியுமா டீச்சர்? பிணம்!”

“பிணமா?”

“அப்பன் செத்துப்போயிட்டான். படம் முழுக்க நடுவீட்டுல கிடக்கான். சுத்தி இருக்கிறவன் எல்லாம் பேசுறான், அழறான், சண்டை போடுறான். நான் கிடக்கேன்! கடைசியில எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிங்கன்னு சொல்வாங்க. எனக்கு நடிப்புன்னா அது ஒண்ணுதான்.”

அந்தச் சிரிப்பு சினிமாக்காரர்களின் பழக்கம். பிணமாக நடித்தவர் எழுந்ததும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம் பிடித்தால்தான் அபசகுனம் கழியுமாம்.

“என் கட்அவுட்டுக்குப் பால் ஊத்தின ஜனம் டீச்சர். இப்ப கடைக்குப் போனா, ‘நீங்க இப்பல்லாம் நடிக்கிறதில்லையா’ன்னு கேக்குது. மேனேஜர் என்னடான்னா, ‘யானை படுத்தாலும் குதிரை மட்டம், ஒத்துக்கங்க’ங்கறான். மத்தியானத்துக்குள்ள அவனுக்குப் பதில் சொல்லணும். தொழிலையே விட்டுட்டுப் போயிடலாம்னு இருக்கு. நீங்க சொல்லுங்க. ஏத்துக்கவா, விட்டுடவா?”

டீச்சர் மூலையில் இருந்த பாயை எடுத்து நடுக்கூடத்தில் விரித்தார்.

“படுங்க.”

“டீச்சர், நான் கேட்டதுக்கு...”

“செத்தவர் பேசக் கூடாது.”

பரஞ்சோதி முணுமுணுத்துக்கொண்டே படுத்தார். டீச்சர் தன் மாணவர்களைக் கூப்பிட்டார்.

“இவர் உங்க அப்பா. இப்பத்தான் உயிர் போச்சு. அழுங்க.”

தேன்மொழி என்ற மாணவி அவர் நெஞ்சில் விழுந்து அழுதாள். நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் தலையும் கூடவே ஏறி இறங்கியது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

பரஞ்சோதி எழுந்து உட்கார்ந்தார். அவமானமாக இருந்தது. அடப்பாவி, இத்தனை படம் நடித்தவனுக்குச் சாகத் தெரியவில்லையே!

“தப்பு என்மேலதான். இன்னொரு தடவை,” என்றார்.

இந்த முறை மூச்சை அடிவயிற்றுக்கு இறக்கினார். இமை துடித்தது. அவரே சொன்னார்:

“இன்னொரு தடவை.”

ஒரு பையன் அவர் கையைத் தூக்கி, சட்டென்று விட்டான். கட்டை மாதிரி விழ வேண்டிய கை, தரையில் அடிபடாமல் தானாகவே மெதுவாக இறங்கியது. உயிர்மேல் அதற்கு அவ்வளவு ஆசை!

“சே! இன்னொரு தடவை. தேன்மொழி, நீ தலையை இந்தப் பக்கம் வைம்மா. எனக்காக அழுகையைக் குறைக்காதே. நான் பார்த்துக்கறேன்.”

மறுபடி படுத்தார். கை தொப்பென்று விழுந்தது. வலித்தது, முகம் சுளிக்கவில்லை. சட்டைப்பையில் போன் அடித்தது. மேனேஜர்தான். அடித்து அடித்து அதுவே ஓய்ந்தது. பொய்யாக அழத் தொடங்கிய தேன்மொழி நிஜமாகவே விம்மினாள். கையைத் தூக்கிப் போட்ட பையன் பயந்துபோய், “சார்... சார்...” என்று கூப்பிட்டான்.

டீச்சர் கைதட்டினார். “போதும்.”

பரஞ்சோதி எழுந்தார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

“கை பரவாயில்ல டீச்சர். இமைதான் இன்னும் சரியா வரல. க்ளோசப்ல மாட்டிக்குவேன். நாளைக்கும் வரட்டுமா?”

“வாங்க. போன் அடிச்சுதே, ஏன் எடுக்கல?”

“செத்தவன் எப்படி டீச்சர் எடுப்பான்?”

“அதுவும் சரிதான். எங்க, சிரிங்க பார்ப்போம். பழக்கத்தை விடக் கூடாது.”

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். “இங்க ஏது கேமரா? எதைப் பார்த்துச் சிரிக்கிறது?”

டீச்சர் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

“படுக்கும்போது நீங்க அதைக் கேக்கலையே.”