மூன்றாவது பூச்சு

மெய்யம்மை அம்மாளின் மடத்தில் சாப்பாட்டுக்கூடத்துச் சுவரில் பூச்சு பெயர்ந்துவிட்டது. உள்ளங்கை அளவுதான். பூசித் தருகிறேன் என்று முன்வந்தவர் அறவாழி. குருவைவிட இருபது வயது மூத்த சீடர், ஓய்வு பெற்ற தலைமை எழுத்தர். பூசுகிற கரணையைப் பேனா மாதிரிப் பிடிப்பார்.

முதல் பூச்சு மூன்றாம் நாள் விழுந்தது. இரண்டாவது, ரச அண்டாவுக்குள் விழுந்தது.

சமையல்காரர் சடகோபன் பந்திக்குப் பந்தி அதை நடித்துக் காட்டினார். முதலில் அறவாழியின் கனைப்பு. அப்புறம், தொபுக்.

"இன்னொரு தடவை விழுந்தா மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊருக்கே போயிடறேன்" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டு, அறவாழி குருவிடம் போய் நின்றார்.

"அம்மா, நான் பூசினா மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?"

அம்மாள் கரண்டிக் காம்பால் சுவரைத் தட்டினார். தள்ளி ஓரிடத்தில், டக். பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்தில், டொப்பு.

"கேட்டுதா, ஐயா?"

"கேட்டுது. ஆனா அந்த இடம் நல்லாத்தானே இருக்கு?"

"பார்க்க நல்லா இருக்கு."

உளியையும் சுத்தியலையும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

டொப்பு என்ற இடத்தையெல்லாம் அறவாழி கொத்தினார். உள்ளங்கையாக இருந்தது மாலைக்குள் கதவளவு ஆனது.

"ரிப்பேர் பண்றீங்களா, எனக்கு இன்னொரு வாசல் வைக்கிறீங்களா?" என்றார் சடகோபன்.

அறவாழி தூசியைத் துடைத்து, செங்கல் குடித்து முடிக்கும்வரை தண்ணீர் தெளித்து, அப்புறம்தான் கலவையை அடித்துப் பூசினார். ஏழு நாள் விடாமல் நனைத்தார்.

எட்டாம் நாள் மதியப் பந்தி. அம்மாள் வந்து புதுப் பூச்சில் முஷ்டியால் மூன்று குத்து விட்டார்.

டக். டக். டக். ஒரு துளி மணல்கூட உதிரவில்லை.

"ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் விடட்டுமா?" என்றார் சடகோபன், தன் சொந்தக் குரலில்.

"விடு. நிறைய விடு" என்றார் அறவாழி.

அம்மாள் உட்காரவில்லை. தன் இடத்துக்குப் பின்னால் இருந்த சுவரைத் தட்டினார்.

டொப்பு.

பந்தியே மெல்வதை நிறுத்தியது.

"இது யார் பூசினது, அம்மா?" என்றார் அறவாழி.

"நான்தான். மடத்துக்கு வந்த புதுசுல."

"டொப்புன்னு இத்தனை நாளாத் தெரியாதா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் விட்டு வச்சீங்க?"

அம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இடிக்கப் பயம். உளியைக் கொடுங்க, ஐயா. எங்கே ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க."