கம்ப்ளீட்

"நான் சொல்றது இங்க யாருக்குமே புரிய மாட்டேங்குது மேடம்" என்றார் அருணகிரி.

எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்த ஷகிலா பானு திரும்பவில்லை.

அந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் எலும்பு சிகிச்சைப் பிரிவுக்கு அவர்தான் தலைமை. அருணகிரி வருஷக்கணக்காகக் கிராமத்துச் சுகாதார நிலையங்களில் ஊசி போட்டுவிட்டு, மேல்படிப்புக்கு அவரிடம் வந்து சேர்ந்தவர். குருவைவிட வயதில் மூத்த சீடர். விட்ட காலத்தைப் பிடிக்கிறவர்போல நோய்களின் பெயர்களை எல்லாரையும் முந்திக்கொண்டு மனப்பாடம் செய்திருந்தார்.

கழுத்தைப் பிடித்துக்கொண்டு வந்தால் சர்விகல் ஸ்பாண்டிலோசிஸ் என்பார். கையைத் தூக்க முடியவில்லை என்றால் பெரி ஆர்த்ரைடிஸ். குதிகால் வலிக்குப் பிளான்டார் ஃபேஸியைடிஸ். சொல்லிவிட்டு, முகத்தைப் பார்க்காமலே அடுத்த ஆளைக் கூப்பிடுவார்.

"யாருக்குப் புரியலை?"

"இசக்கிராஜ் சம்சாரத்துக்கு. அரிசி மில்லுல மூட்டை இறக்கறப்ப லாரியிலருந்து விழுந்தாரே, அவர். அந்த முப்புடாதி தினமும் என்னை வழிமறிக்குது. எப்ப நடப்பாரு, எப்ப நடப்பாருன்னு ஒரே கேள்வி. திரும்பத் திரும்பச் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னீங்க?"

"பர்ஸ்ட் ஃப்ராக்சர். ஃபிக்சேஷன் நல்லா இருக்கு. ஆனா கார்டு இன்ஜுரி கம்ப்ளீட்."

"தமிழ்ல சொல்லுங்க."

"முதுகெலும்பு நொறுங்கியிருக்கு. கம்பி வச்சு நிறுத்தியாச்சு. தண்டுவடத்துல முழுமையான காயம்."

"அந்தம்மா தமிழ்ல."

அருணகிரி அவர் கையிலிருந்த படத்தைப் பார்த்தார்.

ஷகிலா பானு படத்தை மேஜைமேல் வைத்தார்.

"போய் அங்க சொல்லுங்க."

வார்டில் முப்புடாதி ஈரத் துணியால் கணவனுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள். டாக்டரைக் கண்டதும் முகமெல்லாம் மலர எழுந்து நின்றாள்.

"சார், எங்க அண்ணங்கிட்ட போன்ல சொல்லிட்டேன். எல்லாம் கம்ப்ளீட்டா முடிஞ்சிட்டு, கம்பியும் நல்லா நிக்குன்னு சார் சொல்லிட்டாக, இனி எந்திரிச்சு நடக்கதுதான் பாக்கின்னு. சரிதான சார்?"



"கம்ப்ளீட்னா அது இல்லம்மா."

"பின்ன?"

படித்த பெயர்களெல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன. ஒன்றைச் சொல்லிவிட்டால் போதும், நகர்ந்துவிடலாம். அவள் முகத்தைப் பார்த்தார். இத்தனை நாளில் அதுதான் முதல் தடவை.

"இவர் இனி நடக்க மாட்டார்."

அவள் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதற்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

"இப்பம் நடக்க மாட்டாக. அது தெரியும் சார். பொறவு?"

"பொறவும்."

முப்புடாதி ஸ்டூலில் உட்கார்ந்தாள். அழவில்லை. கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். தண்ணீர் வடிந்து தீர்ந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தாள்.

"நாங்க மாடில குடியிருக்கோம் சார்" என்றாள். "கீழ்வீடு காலியாச்சு. வீட்டுக்காரம்மாவே கூப்பிட்டுச் சொன்னாக. அவரை வச்சுக்கிட்டு எப்படிப் படி ஏறுவ, கீழ வந்துருன்னாக. நான்தான், அவுக அடுத்த மாசம் நடந்தே ஏறிருவாக, வேண்டாம்னுட்டேன். போன வாரம் வேற ஆளுக குடி வந்துட்டாக."

அவள் அருணகிரியை நிமிர்ந்து பார்த்தாள்.

"இது உங்களுக்கு எப்பம் சார் தெரியும்?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது.

"ஆபரேஷன் அன்னைக்கே."

அவள் தலையை மெல்ல ஆட்டினாள்.

"விடு" என்றான் இசக்கிராஜ். அவன் கண் மேலே முகட்டைப் பார்த்தபடி இருந்தது. "எனக்குந்தான் தெரியும். இடுப்புக்குக் கீழ எறும்பு கடிச்சாக்கூடத் தெரியல. அதுக்கு என்ன அர்த்தம்னு வெளங்காதா? சார் வாயால வரட்டும்னு இருந்தேன்."

முப்புடாதி இரண்டு ஆண்களையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பம் தெரியாதவ நான் ஒருத்திதானா?"

பக்கத்துக் கட்டில்காரர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

"சரி" என்றாள். குரல் கல்லாகியிருந்தது. "மாடிக்கு இவுகள எப்படித் தூக்கிட்டுப் போக? அதையாவது சொல்லுங்க சார்."

கழுத்து வலிக்கும் குதிகால் வலிக்கும் சட்டென்று பதில் வைத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

ஷகிலா பானு சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றிருந்தார்.

"மேடம், இவங்க கேக்கறாங்க..."

"கேட்டுச்சு."

நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டி நிறுத்தினார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, இசக்கிராஜின் முதுகுப் பக்கம் போய் அக்குளுக்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்தார்.

"நீங்க கால் பக்கம் பிடிங்க" என்றார் அருணகிரியிடம்.

அருணகிரி குனிந்தார். முழங்காலுக்கடியில் கைகளை நுழைத்துத் தூக்கினார். இசக்கிராஜின் கால்கள் பிடியிலிருந்து வழுக்கின. இன்னும் குனிந்து, நெஞ்சோடு சேர்த்து அணைத்துத் தூக்கினார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் மூச்சு முட்டி, அப்படியே நின்றுவிட்டார்.

முப்புடாதி உதவிக்கு எழவில்லை.

"கனக்குதோ சார்?" என்று கேட்டாள்.