பனையடியில் அமர்ந்தவள்

மரக்கலங்கள் காற்றைக் கேட்டுப் பயணம் புறப்பட்ட காலம் அது, பிள்ளைகளே. அப்போது கடலோர நாடொன்றை மாவேள் என்ற மன்னன் ஆண்டான்.

மிளகு வாங்க வந்த யவனக் கப்பல் தலைவன் அவனுக்கு ஒரு வெண்கலக் காசைப் பரிசளித்தான். "எங்கள் பேரரசர் ஒரு நாட்டை வென்றதன் நினைவாக அடித்தது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பருவக்காற்றோடு போய்விட்டான்.

காசைப் பார்த்தவர்கள் மூச்சடக்கி நின்றார்கள். ஒரு முகத்தில் இலைமுடி சூடிய தலை. மறுமுகத்தில் பனைபோல் ஒரு மரம். மரத்தின் ஒரு பக்கம் வேலேந்திய வீரன், மறுபக்கம் தரையில் அமர்ந்த பெண். கட்டைவிரல் அகலத்தில் எத்தனை பெரிய உலகம்!

"மரத்தடியில் இருப்பவள் கொற்றவை. வீரன் அவளுக்குக் காவல்" என்றான் படைத்தலைவன் எயினன். வெற்றிக் காசில் வேறு யார் இருப்பார்கள்? எல்லோரும் நம்பினார்கள். பனையடியில் மேடை கட்டிக் காசை வைத்தார்கள்.

மாவேள் வணங்கிவிட்டு ஆற்றுநாட்டின் மேல் போனான், வென்றான். வணங்கிவிட்டுக் காட்டுநாட்டின் மேல் போனான், வென்றான். வணங்கிவிட்டு மலைநாட்டின் மேல் போனான், அங்கும் வென்றான்.

தோற்றவர் ஊரை இடித்து, கழுதை பூட்டி உழுது, வரகு விதைப்பது அன்றைய வழக்கம். மலைநாட்டுத் தலைவி அலரி தன் ஊரை இடிக்காமல் விடும்படி கேட்டு மன்னன் முன் வந்து நின்றாள்.

"முதலில் எங்கள் வெற்றித்தாயை வணங்கு" என்றான் எயினன். "சீக்கிரம் ஆகட்டும். கழுதைகளுக்குப் பொறுமை குறைவு."

"உனக்கு அவற்றைவிடக் குறைவு போலிருக்கிறது" என்று சொல்லி அலரி குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள்.

"மன்னா, இவள் ஏன் தலை கவிழ்ந்திருக்கிறாள்? ஏன் கன்னத்தில் கை வைத்திருக்கிறாள்? காவல் வீரன் ஏன் இவளுக்கு முதுகு காட்டி நிற்கிறான்? நேற்று என் ஊர் வாசலில் நானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். இவள் வென்றவள் அல்ல, தோற்றவள்."

மாவேள் காசை எடுத்தான். அப்பியிருந்த மஞ்சளைத் துடைத்தான். எள்ளளவு முகம், அதில் ஒரு நாட்டின் துயரம் முழுவதும் இருந்தது. கடலுக்கு அப்பால், பெயர்கூடத் தெரியாத ஒருத்தி, அவன் உள்ளங்கையில் அழுதுகொண்டிருந்தாள்.

"எயினா, மூன்று போருக்கு முன்பும் நான் யார் காலில் விழுந்தேன்?"

எயினன் குனிந்து காசைப் பார்த்தான்.

"தாயே என்று அழைத்துவிட்டேன். இனி இவள் எனக்குத் தாய்தான். இவளைப் போல இன்னொருத்தியை அழ வைக்க மாட்டேன். கழுதைகளை அவிழ்த்துவிடு."

"ஆனால் வழக்கம், மன்னா..."

"வழக்கத்துக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்."

அலரி ஊர் திரும்பினாள். மறுநாள் மாலை தொலைவில் மலைமேல் அடுப்புப் புகை எழுந்தது. ஒன்று, இரண்டு, பிறகு ஊர் முழுவதும். மாவேள் அதைப் பார்த்தபடியே நின்றான்.

தோற்றவரின் கண்ணீரைக் காணத் தெரிந்தவனே உண்மையில் வென்றவன்.