பருந்தைப் பார்த்தது யார்?

உப்பளங்களுக்கு மேலே விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பள்ளியில் கேப்டன் வீரபாகு வைத்ததுதான் சட்டம். அவர் கையெழுத்தில்லாமல் எந்த மாணவரும் தேர்வுக்குப் போக முடியாது.

ஒருநாள் மாணவி ஜெசிந்தா, கேப்டன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, கண்ணை மறைக்கும் தொப்பியோடு விமானம் ஓட்டினாள். அதைப் போட்டால் எதிரே இருக்கும் கருவிகள் மட்டும்தான் தெரியும். வெளியே பார்த்துக்கொள்வது பக்கத்தில் இருக்கும் ஆசிரியரின் பொறுப்பு.

இறங்கியதும் கேப்டன் சொன்னார்: "நானும் கருவியை மட்டும் பார்த்துப் பறந்ததா என் பறந்த நேரக் கணக்குல எழுதப்போறேன். அந்த அனுபவம் குறைஞ்சா என் உரிமத்தைப் புதுப்பிக்க மாட்டாங்க. நீ சாட்சிக் கையெழுத்துப் போடு. இல்லைன்னா உன் தேர்வை மறந்துடு."

ஜெசிந்தா பேனாவைத் திறந்தாள். "போடுறேன் சார். ஒரு சந்தேகம். நடுவுல 'பருந்து வருது, வலது பக்கம் திருப்பு'ன்னு கத்தினது யாரு?"

"நான்தான்! நான் மட்டும் பார்க்கலைன்னா நீ இந்நேரம்..."

டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேப்டன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீங்க வெளிய பார்த்ததாலதான் சார் நான் உயிரோட நிக்கிறேன். அதை இல்லைன்னு எப்படி எழுதுறது?"

அன்று அவர் எதிலும் கையெழுத்துப் போடவில்லை.

ஐப்பசியில் மேகம் திரண்ட ஒரு காலையில் அவரே அவளைக் கூப்பிட்டார். இருவரும் மேகத்துக்குள் பறந்தார்கள். தொப்பி தேவைப்படவில்லை, சுற்றிலும் வெறும் வெள்ளை.

இறங்கியதும் அவளுடைய தேர்வு அனுமதித் தாளில் கையெழுத்துப் போட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "இதை என் கணக்குல எழுதிக்கலாமா?" என்றார்.

"தாராளமா எழுதுங்க சார். இன்னைக்குப் பருந்து வந்திருந்தா ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்காது."