எல்லாமே முதல் பக்கம்

கரிசல்குடி அரிசி ஆலைக்குப் பின்புறம் ஓர் அறை இருந்தது. நியாயமாகப் பார்த்தால் அதில் தவிட்டு மூட்டைகளை அடுக்கியிருக்க வேண்டும். ஆலை முதலாளி சங்கிலிராசுவுக்கு என்ன கெட்ட நேரமோ, மூன்று பத்திரிகைக்காரர்களை உட்கார வைத்துவிட்டார். மூட்டையாக இருந்தால் வாயைத் திறந்து பேசாது.

பத்திரிகையின் பெயர் 'பன்முகப் பந்தி'. பல சமூகங்களின் உணவையும் பண்பாட்டையும் கொண்டாடும் சுயேச்சை இதழ் என்று சொல்லிக்கொண்டார்கள். சுயேச்சை என்றால், அறை முதலாளியுடையது, மின்விசிறி முதலாளியுடையது, இரண்டு வேளை டீயும் முதலாளி வீட்டிலிருந்து வரும். மற்றபடி யார் தயவும் கிடையாது.

ஆசிரியர் செம்பரிதி அதற்கு முன்னால் மச்சானின் உரக்கடையில் யூரியா மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர். நாற்பத்திரண்டு வயதில்தான் முதல்முறையாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். முதல் இதழ் முதலாளிக்குப் பிடிக்காமல் போனால் நாற்காலி போய்விடும். மறுபடியும் மச்சான், "மாப்ள, அந்த மூட்டையை எடுத்துப் போடு" என்பார். அதை நினைக்கும்போதெல்லாம் செம்பரிதி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்.

துணையாசிரியர் கோமளவல்லி, பக்கங்களை வடிவமைக்கும் டெரன்ஸ், இவர்கள் இருவரும் அவருடைய படை. மூவரிடமும் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னதை அப்படியே செய்வார்கள். அதுதான் வினையாகப் போயிற்று.

ஒருநாள் முதலாளி அறை வாசலில் வந்து நின்றார்.

"இங்க பாருங்கய்யா. என் ஆலைக்கு எல்லாத் தெருக்காரங்களும் நெல்லு கொண்டாராங்க. ஒருத்தரை முன்னால வச்சீங்க, இன்னொருத்தரைப் பின்னால வச்சீங்கன்னு ஒரு பேச்சு வரக்கூடாது. வந்துச்சோ, மறுநாளே இந்த ரூம்ல தவிட்டு மூட்டைதான்."

பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். யாரிடம் சொல்கிறோம் என்பதைத்தான் யோசிக்கவில்லை.

அவர் போனதும் செம்பரிதி கதவைச் சாத்தினார். "பன்னெண்டு வீட்டுச் சமையல் இருக்கு. முதல் பக்கத்துல யாரைப் போடுறது?"

"அகர வரிசையில போட்டுடலாம் சார். அதிரசம் முதல்ல வரும்" என்றார் டெரன்ஸ்.

"அதிரசம் முன்னால வந்தா மீன் குழம்பு பின்னால போகுமே! மீன்காரத் தெருவுல என்ன பதில் சொல்லுவீங்க?"

"அப்ப மீன் குழம்பை முதல்ல வைப்போம்."

"அதிரசம்?"

டெரன்ஸ் உட்கார்ந்துவிட்டார். மூன்று நாள் அந்த அறையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. நான்காம் நாள் காலை கோமளவல்லி எழுந்து நின்றாள். கோமளவல்லி எழுந்து நின்றால் பெரிதாக ஏதோ வரப்போகிறது என்று பொருள், பெரும்பாலும் இழப்பு.

"சார், ரெண்டாம் பக்கம்னு ஒன்னு இருக்கறதாலதானே இவ்வளவு தகராறு? ரெண்டாம் பக்கத்தையே எடுத்துட்டா?"

செம்பரிதிக்குப் புல்லரித்தது. ஒவ்வொரு தாளிலும் ஒரு பக்கம் மட்டுமே அச்சாயிற்று. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் 1 என்று எண் போட்டார் டெரன்ஸ். பொருளடக்கம் பார்க்க அழகாக இருந்தது: அதிரசம், பக்கம் 1; நோன்புக் கஞ்சி, பக்கம் 1; மீன் குழம்பு, பக்கம் 1; பிளம் கேக், பக்கம் 1. ஒவ்வொரு பண்டத்துக்கும் இரண்டு பக்கம் ஒதுக்கியிருந்தார்கள். முதல் பாதி முடியும் இடத்தில், 'தொடர்ச்சி பக்கம் 1இல் காண்க' என்று போட்டார்கள். அந்தத் தொடர்ச்சிக்கு மேலே பண்டத்தின் பெயரைப் போடவில்லை. ஒரே பண்டத்துக்கு இரண்டு தடவை பெயர் போட்டால் அது சலுகை என்று கோமளவல்லி சொல்லிவிட்டாள்.

அச்சான தாள்கள் பைண்டிங் உமர் பாயிடம் போயின. அவர் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்.

"தம்பி, இதுல எது மேல வரும், எது கீழ வரும்?"

"மேல கீழங்கிறதே இருக்கக் கூடாதுன்னுதான் பாய் இந்தப் பத்திரிகையே" என்றார் செம்பரிதி.

"தைக்கணும்னா ஏதாவது ஒன்னு மேல வரணுமேய்யா."

"அப்ப தைக்க வேண்டாம்."

உமர் பாய்க்குக் கோபம் வந்துவிட்டது. முப்பது வருஷமாகப் பைண்டிங் செய்கிறவர். "அப்படின்னா பொரிகடலை மாதிரி பையில அள்ளிப் போட்டுக் கொண்டுபோங்க!"

அவர் வசவாகச் சொன்னார். இவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார்கள். பையில் போட்டாலும் ஏதாவது ஒரு தாள் மேலே வந்துதானே தீரும் என்று டெரன்ஸ் சந்தேகம் கிளப்பினார். அதனால் ஒவ்வொரு பையின் மேலும், 'படிக்கும் முன் நன்றாகக் குலுக்கவும்' என்று மருந்து பாட்டிலில் இருப்பதுபோல அச்சடித்து ஒட்டினார்கள்.

ஆலை முற்றத்தில் வெளியீட்டு விழா; வருகிறவர்களுக்கு மதியச் சாப்பாடு. இரண்டையும் முதலாளியே ஏற்பாடு செய்தார். அப்போதும் வாய் சும்மா இருக்கவில்லை. "புத்தகத்துல உள்ளபடிதான் சமைக்கணும். அதுல இல்லாத ஒன்னும் இலையில விழக்கூடாது" என்று உத்தரவு போட்டார்.

சமையலுக்கு வந்த குருவம்மாள் ஆயிரம் பேர் பந்தியை அலட்டிக்கொள்ளாமல் முடிக்கிறவள். அவளுக்கு மீன் குழம்பு வைக்கத் தாள் எதற்கு? ஆனாலும் செம்பரிதி விடவில்லை. பையைக் குலுக்கி, கைக்கு வந்த தாளை எடுத்து வாசித்தார்.

"மீனைச் சுத்தம் செய்து, மஞ்சளும் உப்பும் தடவி வைக்கவும். தொடர்ச்சி பக்கம் ஒன்றில் காண்க."

கோமளவல்லி ஒன்றாம் பக்கம் ஒன்றை உருவிக் கொடுத்தாள்.

"பிறகு நெய்யில் பொன்னிறமாகப் பொரித்து, சர்க்கரைப் பாகில் மூன்று மணி நேரம் ஊறவிடவும்."

குருவம்மாள் கரண்டியைக் கீழே வைத்தாள். "அது பாதுஷாவுக்குய்யா."

"எந்தப் பக்கம்னு போட்டிருக்கு, பாருங்கம்மா."

"ஒன்னுன்னுதான் போட்டிருக்கு."

"நான் என்ன சொன்னேன்? ஒன்றாம் பக்கம்தானே? அச்சுல இருக்கறதை மாத்தினா அந்தச் சமூகத்தை அவமதிச்ச மாதிரி ஆயிடும்."

"எந்தச் சமூகத்தைய்யா?"

செம்பரிதி குரலை உயர்த்தினார். "முதலாளி உத்தரவும்மா! என் பிழைப்பே இதுலதான் இருக்கு!"

"எனக்கென்ன வந்துச்சு? திங்கப் போறது நீங்கதானே" என்று குருவம்மாள் சர்க்கரை டப்பாவைத் திறந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தெருக்காரர்களும் குடும்பத்தோடு வந்து இலை முன் உட்கார்ந்தார்கள். நோன்புக் கஞ்சி வந்தது. அதை ஆறவைத்து, சதுரமாக வெட்டி, மேலே முந்திரி பதித்திருந்தார்கள். எலுமிச்சை ஊறுகாய் வந்தது. ஆளுக்கு இரண்டு கரண்டி, சுடச்சுட. 'குழந்தைகளுக்குக் கூடுதலாக வார்க்கவும்' என்று தாளில் இருந்ததால் குழந்தைகளுக்கு மூன்று கரண்டி. அதிரசம் மட்டும் அதிரசமாகவே வந்தது. ஆனால் டெரன்ஸ் ஒவ்வொரு இலை முன்னாலும் குனிந்து, "முள் இருக்கும், பார்த்துச் சாப்பிடுங்க" என்று தாளில் கண்டபடி எச்சரித்துக்கொண்டே போனார். ஐம்பது பேர் அதிரசத்தைப் பிட்டுப் பிட்டு முள் தேடினார்கள்.

கடைசியில் பாகு சொட்டச் சொட்ட வஞ்சிர மீன் வந்தது. முதலாளி ஒரு துண்டை வாயில் போட்டார். விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. செம்பரிதி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உரக்கடை வாசனை மூக்கில் அடித்தது.

"இது யார் வீட்டுச் சமையல்யா?" என்று முதலாளி ஒருவழியாகக் கேட்டார்.

"எல்லார் வீட்டுதும்தான் முதலாளி. ஒருத்தர்கூடப் பின்னால போகலை."

அந்த ஊர் வரலாற்றில் எல்லாத் தெருக்காரர்களும் ஒரே நேரத்தில் ஒரே கருத்தைச் சொன்னது அன்றைக்குத்தான். "எங்க வீட்டுது இல்ல" என்று இலையை மடக்கிவிட்டு எழுந்தார்கள்.

முதலாளி நெல் களத்தின் நடுவில் போய் நின்று, ஊரே கேட்கும்படி கத்தினார்: "இந்தப் பத்திரிகையோட ரெண்டாவது இதழ்னு ஒன்னு வெளிய வந்துச்சு, அன்னைக்கே இந்த மூணு பேரையும் கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளுவேன்! அதுவரைக்கும் ஒழிஞ்சு போய் உள்ள கிடங்க! இது என் வாக்கு!"

செம்பரிதி அறைக்குள் ஓடிவந்து நாற்காலியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். கோமளவல்லி எழுந்து நின்றாள்.

"எதுக்கு சார் அழறீங்க? ரெண்டாவது வந்தாத்தானே தள்ளுவாரு?"

அடுத்த மாதம் 'பன்முகப் பந்தி' வந்தது. அட்டையில் கொட்டை எழுத்தில் 'முதல் இதழ்' என்று இருந்தது. அதற்கடுத்த மாதமும் முதல் இதழ்தான். முதல் இதழ் என்றால் வெளியீட்டு விழாவும் விருந்தும் வேண்டுமே; மாதம் தவறாமல் அவை நடந்தன, குருவம்மாளும் சர்க்கரை டப்பாவோடு வந்தாள். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டார். ஊர் முன்னால் கொடுத்த வாக்கை மாற்றினால் நாளைக்கு எவன் அவரை நம்பி நெல் கொடுப்பான்?

ஏழாவது மாதம், பாகில் ஊறிய வஞ்சிரத்தைப் பார்த்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா சாமி, ரெண்டாவது இதழையே போட்டுத் தொலைங்கய்யா. என்னை விட்டுடுங்க!"

செம்பரிதியின் கண்கள் கலங்கிவிட்டன. பந்தியில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்படி விம்மினார்.

"ஏழு மாசமா உங்க சொல்லை மீறாம ஒத்தைக் கால்ல நின்னேனே முதலாளி! கடைசியில இப்படி ரூமைக் காலி பண்ணச் சொல்லிட்டீங்களே!"

ஊரே பார்க்கிறது. முதலாளி தன் துண்டாலேயே அவர் கண்ணைத் துடைத்துவிட்டு, "சரி சரி, அழாதய்யா, சொன்னது தப்புத்தான்" என்று மன்னிப்புக் கேட்டு, ஏழாவது முதல் இதழைத் தன் கையாலேயே வெளியிட்டார்.